எண்ணெய்க் கிணற்றில் ‘மீன்’ பிடிப்பது: உள்ளே சிக்கியதை எப்படி மீட்கிறார்கள்?

எங்கள் பாட்டி வீட்டில் ஒரு பாதாளக் கரண்டி இருந்தது. இரும்பு வளையத்திலிருந்து வளைந்த கொக்கிகள் கொத்தாகத் தொங்கும். தெருவில் யார் வீட்டு வாளி கிணற்றில் விழுந்தாலும் அதைக் கேட்டு வருவார்கள். ஒரு செம்பையோ குடத்தையோ ஈடாக வைத்துவிட்டுத்தான் எடுத்துப் போக வேண்டும். தாத்தா அதைக் கிணற்றில் இறக்கும்போது தண்ணீரைப் பார்க்கவே மாட்டார். கண் எங்கேயோ இருக்கும், கவனமெல்லாம் கயிற்றைப் பிடித்த விரல்களில் இருக்கும். “தட்டுது… இது கல்லு… இது வாளி” என்று கயிற்றின் அதிர்விலேயே சொல்லிவிடுவார்.

எண்ணெய்க் கிணற்றுக்குள் தொலைந்த கருவிகளை மீட்கும் வேலைக்கு அடிப்படை இதுதான். ஆனால் அதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் வேறு மாதிரி இருக்கிறது. எங்கோ ஒரு கிணற்றில் குழாய் சிக்கிவிட்டது என்று செய்தி வந்தால், “அவ்வளவு பெரிய ரிக் (துளையிடும் இயந்திர அமைப்பு) இருக்கிறதே, பலமாக இழுத்தால் வந்துவிடாதா?”, “காந்தத்தை இறக்கினால் போதாதா?”, “கேமராவை விட்டுப் பார்க்கக் கூடாதா?” என்று கேட்கிறார்கள். மூன்றுமே நியாயமான கேள்விகள். மூன்றுக்கும் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

‘கிணறு’ என்ற சொல் தரும் குழப்பம்

கிணறு என்றதும் நம் மனதில் வருவது இறங்கிக் குளிக்கிற அளவு அகலமான ஒன்று. எண்ணெய்க் கிணறு அப்படி இருக்காது. அது நம் ஊர் ஆழ்துளைக் கிணற்றின் உறவுக்காரன். தோண்டத் தொடங்கும் இடத்தில் அகலம் கூடுதலாக இருக்கும், ஆழம் போகப் போக ஒடுங்கும். அடிப்பகுதியில் எட்டரை அங்குல விட்டம் என்பது மிகச் சாதாரணமான அளவு. ஆழம் 3,000 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

இந்த விகிதத்தை உணர ஒரு கணக்குப் போடலாம். இளநீர் குடிக்கும் உறிஞ்சு குழாய் 5 மில்லிமீட்டர் அகலம் என்றால், அதே விகிதத்தில் அது ஏறத்தாழ 70 மீட்டர் நீளம் இருக்க வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் விமானம் 216 அடி, அதாவது சுமார் 66 மீட்டர். விமானத்தின் உச்சியைத் தாண்டி நிற்கும் ஓர் உறிஞ்சு குழாயைக் கற்பனை செய்யுங்கள். அதன் அடியில் ஒரு கடுகு விழுந்துவிட்டது. மேலிருந்து அதை எடுக்க வேண்டும். துளை நேராக இருக்கும் என்ற உறுதியும் இல்லை. பல கிணறுகள் வேண்டுமென்றே சாய்த்துத் தோண்டப்படுகின்றன.

உள்ளே தொங்குவது என்ன?

துளையின் அடியில் பாறையை அரைப்பது ‘பிட்’. அதற்கு மேல் தடித்த கனமான குழாய்கள், அவற்றின் பெயர் ‘டிரில் காலர்’. அதற்கு மேல் தரைமட்டம் வரை ‘டிரில் பைப்’. ஒவ்வொரு டிரில் பைப்பும் ஏறத்தாழ 9 மீட்டர் நீளம். 3,000 மீட்டருக்கு முந்நூறுக்கும் மேற்பட்ட குழாய்கள் ஒன்றோடொன்று மரை திருகி இணைந்திருக்கும். இந்த முழுத் தொடரையும் இனி ‘குழாய்த்தொடர்’ என்பேன்.

இன்னொன்றும் உள்ளே இருக்கிறது: சேறு. ரிக்கில் ‘மட்’ என்பார்கள். களிமண்ணும் வேறு சில பொருள்களும் கலந்து வேண்டிய அடர்த்திக்குத் தயாரிக்கும் திரவம் இது. குழாயின் உள்ளே இறங்கி, பிட்டின் துவாரங்கள் வழியே வெளியேறி, குழாய்க்கும் துளைச் சுவருக்கும் நடுவிலுள்ள சந்து வழியே மேலே வரும். வெட்டிய பாறைத் துகளைச் சுமந்து வருவதும் பிட்டைக் குளிர்விப்பதும் இதன் வேலை. எல்லாவற்றையும்விட முக்கியமாக, பாறைக்குள் இருக்கும் எண்ணெயும் வாயுவும் பீறிட்டு வராமல் தன் எடையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதனால் சேற்றை இறைத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்க்கலாம் என்ற யோசனை பெரும்பாலும் நடக்காது. கேமரா கேள்விக்குப் பதிலில் பாதி இங்கேயே வந்துவிட்டது. கெட்டியான சேற்றுக்குள் கேமராவுக்கு எதுவும் தெரியாது.

இதுவரை சொன்னது: ஒரு முழம்கூட அகலமில்லாத, கிலோமீட்டர் கணக்கில் ஆழமான துளை. அதில் திருகி இணைத்த நீண்ட குழாய்த்தொடர். சுற்றிலும் அழுத்தமான, ஒளி ஊடுருவாத சேறு.

எதை ‘மீன்’ என்கிறார்கள்?

1859-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், டைட்டஸ்வில் என்ற ஊரில் எட்வின் டிரேக் தோண்டிய கிணற்றில் சுமார் 21 மீட்டர் ஆழத்தில் எண்ணெய் கிடைத்தது. அந்தக் காலத்தில் கனமான உளி ஒன்றைக் கயிற்றில் கட்டித் தூக்கித் தூக்கிப் போட்டுத்தான் பாறையை உடைத்தார்கள். கயிறு அறுந்தால் உளி அடியில் தங்கிவிடும். இன்னொரு கயிற்றில் கொக்கி கட்டி இறக்கித் துழாவுவார்கள். தூண்டில் போடுவது போல் இருந்ததால் அந்த வேலைக்கு ‘ஃபிஷிங்’ என்றும், உள்ளே கிடக்கும் பொருளுக்கு ‘ஃபிஷ்’ என்றும் பெயர் வந்தது. கயிறு போய் இரும்புக் குழாய் வந்த பிறகும் பெயர் மாறவில்லை. நானும் இங்கே மீன் என்றே சொல்கிறேன்.

மீன்கள் பல வகை. உலோகம் களைத்து முறிந்து கீழே தங்கிய குழாய்த்தொடர் ஒரு வகை. ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் முறிவது போல, சுழன்றுகொண்டே வளையும் குழாயும் ஒருநாள் முறிகிறது. பிட்டிலிருந்து கழன்ற பற்சக்கரம், மேலே வேலை செய்தவரின் கையிலிருந்து நழுவிய ஸ்பேனர் போன்றவை இன்னொரு வகை. இவை சின்னவை என்று விட முடியாது. கெட்டியான எஃகுத் துண்டின் மேல் புது பிட்டை ஓட்டினால் பிட்தான் உடையும். பாறையின் தன்மையை அளக்கக் கம்பிவடத்தில் இறக்கும் அளவைக் கருவிகள் மூன்றாவது வகை. முறியாமல், கழலாமல், முழுசாகவே சிக்கிக்கொள்ளும் குழாய்த்தொடரும் உண்டு. அதுதான் அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது.

பலமாக இழுத்தால் ஏன் வராது?

சில காரணங்களை எளிதில் ஊகிக்கலாம். சுவர் சரிந்து குழாயைச் சுற்றி அடைத்துக்கொள்ளும். சில களிமண் பாறைகள் நீர் பட்டு ஊதும். மேலே வந்து சேராத துகள்கள் குவிந்து இறுகும். இவையெல்லாம் பொருள் பொருளைத் தடுப்பது, விளக்கம் தேவையில்லை.

வியப்பானது வேறொன்று. எதுவுமே தடுக்காமல், திறந்த துளைக்குள், குழாய் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். சேறு வழக்கம்போல் சுற்றி வந்துகொண்டிருக்கும். குழாயை மட்டும் ஏற்றவும் முடியாது, இறக்கவும் முடியாது, திருப்பவும் முடியாது.

ஓடுகிற பம்ப் செட்டின் உறிஞ்சும் வாயில் ஒரு பிளாஸ்டிக் பை ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று பார்த்திருப்பீர்கள். பைக்கு எடையே கிடையாது, ஆனாலும் மோட்டாரை நிறுத்தாமல் பிடுங்க முடியாது. பையை வாயோடு அழுத்திப் பிடித்திருப்பது இருபுற அழுத்தத்தின் வித்தியாசம். கிணற்றுக்குள்ளும் அதுவே நடக்கிறது. சேற்றின் அழுத்தம் கூடுதல், துளையுள்ள மணற்பாறைக்குள் இருக்கும் நீரின் அழுத்தம் குறைவு. சேற்றிலுள்ள நீர் பாறைக்குள் கசிய, களிமண் மட்டும் சுவரில் ஒரு படலமாகத் தங்குகிறது. ஃபில்டரில் டிகாஷன் இறங்கியபின் மேல் தட்டில் காபித்தூள் படிந்து நிற்பது போல. அசையாமல் நிற்கும் குழாய் அந்தப் படலத்தில் புதைந்தால், பாறைப் பக்கம் அழுத்தம் குறைவு, துளைப் பக்கம் அழுத்தம் கூடுதல். பிளாஸ்டிக் பை ஒட்டிக்கொள்கிறது. இதை ‘அழுத்த வேறுபாட்டுச் சிக்கல்’ என்போம்.

எவ்வளவு விசை? கணக்கு எளிது. 3,000 மீட்டர் ஆழத்தில், தண்ணீரைவிட 1.2 மடங்கு அடர்த்தியுள்ள சேற்றின் அழுத்தம் சதுர செ.மீ.க்கு சுமார் 360 கிலோ. பாறையிலுள்ள நீரின் அழுத்தம் 320 என்று வைப்போம். வித்தியாசம் 40 கிலோ. குழாய் 10 செ.மீ. அகலத்துக்கு, 10 மீட்டர் நீளத்துக்குப் படலத்தில் பதிந்திருந்தால் பரப்பு 10,000 சதுர செ.மீ. ஆக, சுவரோடு அழுத்தும் விசை 400 டன். அதில் ஐந்தில் ஒரு பங்கு உராய்வாக வந்தாலும், அசைக்க 80 டன் வேண்டும்.

இப்போது மேலே நிற்கும் குழாயை நினைத்துப் பாருங்கள். 5 அங்குல டிரில் பைப் 3,000 மீட்டர் என்றால், சேற்றில் மிதப்பு போக அதன் சொந்த எடையே ஏறத்தாழ 75 டன். காலர்களின் எடை தனி. இந்த 75 டன்னையும் அசைக்க வேண்டிய 80 டன்னையும் சேர்த்தால் 155 டன். ஓரளவு தேய்ந்த சாதாரண ரக 5 அங்குலக் குழாய் 140 டன் அளவிலேயே நிரந்தரமாக நீளத் தொடங்கிவிடும், அதற்கு மேல் இழுத்தால் முறியும். ரிக்குக்குப் பலம் இருக்கலாம், குழாய்க்கு இல்லை. கண்மூடித்தனமாக இழுத்தால் சிக்கிய மீனின் மேல் இன்னொரு மீன் விழும்.

அதனால்தான் இந்தச் சிக்கலில் முதல் மருந்து அழுத்த வேறுபாட்டைக் குறைப்பது. பம்ப் செட்டில் மோட்டாரை நிறுத்துவதற்குச் சமம். பாறையிலிருந்து வாயு பீறிடாத எல்லைக்குள் சேற்றின் அடர்த்தியைக் குறைப்பார்கள். அல்லது படலத்தை ஊடுருவி இளக்கும் எண்ணெய்க் கலவையைச் சரியாக அந்த ஆழத்துக்கு அனுப்பி ஊறவிடுவார்கள். காலம் இங்கே எதிரி. நேரம் போகப் போகப் படலம் தடிக்கும், ஒட்டும் பரப்பு கூடும். ரிக்கை இயக்கும் அனுபவமுள்ள டிரில்லர் குழாயை அசையாமல் நிற்க விடமாட்டார்.

சுருக்கமாக: குழாய் எப்படிச் சிக்கியது என்று தெரியாமல் எவ்வளவு பலம் போடுவது என்று தீர்மானிக்க முடியாது. அடைப்புக்கு ஒரு வைத்தியம், ஒட்டலுக்கு வேறு வைத்தியம்.

எங்கே சிக்கியிருக்கிறது?

இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, மிக எளிமையாக இருப்பதால்.

எஃகு ரப்பரைப் போல் நீளும், மிகக் கொஞ்சமாக. முதலில் குழாயை அதன் எடைக்குச் சற்று மேல் இழுத்து, ரிக்கின் தளமட்டத்தில் குழாயின் மேல் சாக்பீஸால் ஒரு கோடு போடுவார்கள். பிறகு கூடுதலாக 20 டன் இழுத்து, கோடு எவ்வளவு உயர்ந்தது என்று அளப்பார்கள். 3,000 மீட்டர் வரை சிக்கலில்லாத 5 அங்குலக் குழாய் என்றால் கோடு சுமார் 84 செ.மீ. உயரும். 42 செ.மீ. மட்டுமே உயர்ந்தால், நீண்டது 1,500 மீட்டர் குழாய் மட்டும்தான். அதற்குக் கீழே சிக்கியிருக்கிறது. ஒரு சாக்பீஸும் ஓர் அளவுகோலும் ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழத்தில் நடப்பதைச் சொல்லிவிடுகின்றன. பிறகு நுட்பமான கருவியைக் கம்பியில் இறக்கி இன்னும் துல்லியமாகக் கண்டுபிடிக்கலாம்.

தட்டுவது, கழற்றுவது

இடம் தெரிந்ததும் தட்டிப் பார்ப்பார்கள். இதற்கு ‘ஜார்’ என்றொரு கருவி. ஒன்றுக்குள் ஒன்று நழுவும் இரண்டு குழாய்கள், நடுவே எண்ணெய். மேலிருந்து இழுக்கும்போது எண்ணெய் ஒரு நுண்ணிய வழியாக மெல்லக் கசிவதால் கருவி சட்டென்று விரியாது. அதற்குள் மேலே உள்ள குழாய்த்தொடர் முழுவதும் உண்டிவில்லின் ரப்பரைப் போல் நீண்டு நிற்கும். ஒரு கட்டத்தில் எண்ணெய்க்கு அகன்ற வழி கிடைக்கும். இழுத்த ரப்பரை விட்டது போல, உள்ளிருக்கும் சம்மட்டி பட்டடையில் மோதும். ரிக் தளமே அதிரும். இதை மணிக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்வார்கள். இறுகிய முளையைப் பிடுங்க இழுப்பதைவிட அடித்து அசைப்பது பலன் தரும் என்பது மாடு கட்டியவர்களுக்குத் தெரியும். பல குழாய்த்தொடர்களில் ஜாரை முன்னெச்சரிக்கையாகவே சேர்த்து இறக்கிவிடுகிறார்கள்.

அதற்கும் அசையாவிட்டால், சிக்கிய இடத்துக்குச் சற்று மேலுள்ள மரையில் கழற்றிவிட வேண்டியதுதான். முந்நூறு மரைகளில் குறிப்பிட்ட ஒன்று மட்டும் எப்படிக் கழலும்? இறுகிப்போன பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே அதன் விளிம்பில் தட்டுவோமே, அதே வித்தை. மேலிருந்து குழாயை இடப்பக்கம் முறுக்கி வைப்பார்கள். குழாய்க்குள் கம்பியில் சிறிய வெடித்திரியை இறக்கி, அந்த மரைக்கு நேரே வெடிப்பார்கள். அதிர்ச்சியில் அந்த மரை மட்டும் இளகிக் கழலும். மேல்பகுதி வெளியே வந்துவிடும். கீழே இருப்பது இப்போது மீன். ஆனால் அதன் தலை ஒழுங்கான மரையோடு, தெரிந்த ஆழத்தில் நிற்கிறது. மீட்புக் கருவிகளோடு திரும்பி வந்து அதிலேயே திருகிக்கொள்ளலாம்.

கண்ணில்லாமல் பார்ப்பது

முறிந்த குழாயின் தலை அப்படி ஒழுங்காக இருக்காது. பிளந்திருக்கலாம், நசுங்கியிருக்கலாம், சாய்ந்து சுவரில் ஒட்டியிருக்கலாம். அதைப் பிடிக்க அதன் வடிவம் தெரிய வேண்டும். கேமராவால் ஆகாததை ஈயம் செய்கிறது. அடியில் மென்மையான ஈயம் ஊற்றிய உருளையை இறக்கி, மீனின் தலையில் ஒருமுறை அழுத்தி வெளியே எடுப்பார்கள். பிசைந்த மாவில் விரல் பதிவது போல ஈயத்தில் தலையின் தடம் பதிந்திருக்கும். அரை வட்டம் மட்டும் பதிந்தால் குழாய் ஓரமாகச் சாய்ந்திருக்கிறது. வட்டம் கோணலாக இருந்தால் நசுங்கியிருக்கிறது.

தடம் கிடைத்தாலும், கீழே போனவற்றின் அளவு தெரியாவிட்டால் பயனில்லை. அதனால் துளைக்குள் இறங்கும் ஒவ்வொன்றின் நீளம், வெளிவிட்டம், உள்விட்டம் ஆகியவற்றை முன்பே அளந்து குறித்து வைப்பார்கள். அந்தக் குறிப்பில் ஓர் அங்குலம் பிசகினாலும், இறக்கிய கருவி பொருந்தாமல் திரும்பும். ஒருமுறை முழுத் தொடரையும் எடுத்து மறுபடி இறக்குவது பெரும்பாலும் ஒரு நாளையே விழுங்கிவிடும்.

ஊத்தாவும் மற்றக் கருவிகளும்

மீட்புக் கருவிகளில் அதிகம் பயன்படுவது ‘ஓவர்ஷாட்’. வற்றிய கண்மாயில் ஊத்தா போட்டு மீன் பிடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். மேலும் கீழும் திறந்த கூடையை மீனின் மேல் கவிழ்ப்பது போல, இந்தக் கருவி முறிந்த குழாயின் தலையைச் சுற்றிக் கவிகிறது. உள்ளே பற்கள் கொண்ட சுருள்பிடி ஒன்று சரிவான சுவரில் அமர்ந்திருக்கும். கீழே தள்ளும்போது பிடி விரிந்து குழாயை உள்ளே விடும். மேலே இழுக்க இழுக்க இறுகும். எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு பிடி. அதே சமயம், மீன் அசையவே இல்லையென்றால் சற்று இறக்கி வலப்பக்கம் திருப்பி விட்டுவிடவும் முடியும். விட முடியாத கருவி தானும் சிக்கிக்கொள்ளும் என்பதால் இந்த வசதி உயிர் போன்றது.

வெளியே பிடிக்கச் சந்து இல்லாவிட்டால் ‘ஸ்பியர்’. செம்பின் வாய்க்குள் விரல்களை விட்டு விரித்துத் தூக்குவது போல, குழாயின் உள்ளே போய் விரிந்து பிடிக்கும். குழாயைச் சுற்றி மண் அடைத்திருந்தால், அதைவிடப் பெரிய குழாயின் விளிம்பில் வெட்டும் பற்களை வைத்து, மீனை நடுவில் விட்டுச் சுற்றிலும் அரைத்துக்கொண்டே இறங்குவார்கள். வேர் அறாமல் செடியை எடுக்கச் சுற்றிலும் தோண்டுகிறோமே, அதுதான்.

காந்தமும் உண்டு. ஆனால் அது பற்சக்கரம், ஸ்பேனர் போன்ற சின்ன எஃகுத் துண்டுகளுக்கு. டன் கணக்கில் எடையோடு சுவரில் ஒட்டிய குழாயைக் காந்தம் அசைக்காது.

எப்போது விட்டுவிடுவது?

மீனைப் பிடிக்காமல் விடுவது தோல்வி என்று வெளியிலிருப்பவர்கள் நினைக்கிறார்கள். பல நேரங்களில் அதுவே சரியான முடிவு. ஓர் உதாரணக் கணக்கு. தொலைந்த கருவியின் மதிப்பு 4 கோடி, மீனுக்கு மேலே துளையைச் சிமெண்டால் அடைத்துப் பக்கவாட்டில் புதுத் துளை போட 6 கோடி, மீட்பு வேலைக்கு நாளொன்றுக்கு 50 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 10 கோடி, 20 நாள் செலவுக்குச் சமம். ஆனால் வெற்றி வாய்ப்பு பாதிதான் என்றால் 10 நாளோடு நிறுத்துவதே நியாயம். ஒவ்வொரு தோற்ற முயற்சியும் மீனின் தலையை இன்னும் சிதைப்பதால், நாள் போகப் போக வாய்ப்பும் குறைகிறது.

பக்கவாட்டில் திரும்பியதற்கு ஒரு பெரிய உதாரணம் ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் இருக்கிறது. எண்ணெய்க்காக இல்லாமல் ஆராய்ச்சிக்காகச் சோவியத் விஞ்ஞானிகள் தோண்டிய துளை அது. 1984 செப்டம்பரில் 12,066 மீட்டரை எட்டியபோது குழாய்த்தொடர் முறுக்கி அறுந்து, ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நீளம் உள்ளேயே தங்கிவிட்டது. சுமார் 7,000 மீட்டர் ஆழத்திலிருந்து புதுத் துளையைத் தொடங்கினார்கள். ஐந்து கிலோமீட்டரை மறுபடி தோண்டி, 1989-இல் 12,262 மீட்டரை அடைந்தார்கள்.

சும்மா விட முடியாத மீன்

ஒன்றே ஒன்றுக்கு மேலே சொன்ன பணக்கணக்கு மட்டும் போதாது. பாறையின் அடர்த்தியையும் நுண்துளைகளையும் அளக்கும் கருவிகள் சிலவற்றில் கதிரியக்கப் பொருள் இருக்கும். அடர்த்திக்குச் சீசியம்-137, நுண்துளைக்கு அமெரிசியமும் பெரிலியமும் கலந்த மூலம். இவை எஃகு உறைக்குள் முத்திரையிடப்பட்டிருக்கும். இப்படி ஒரு கருவி சிக்கினால், மேலே சொன்ன ஜாரையோ அரைக்கும் கருவியையோ விருப்பம்போல் பயன்படுத்தக் கூடாது. உறை உடைந்தால் சேறு முழுவதும் கதிரியக்கம் பரவி மேலே வந்துவிடும். வெளியே வரும் சேற்றைக் கதிர்வீச்சு அளவியால் அளந்துகொண்டே வேலை நடக்கும்.

எடுக்கவே முடியாத நிலையில், அமெரிக்க விதிகள் என்ன செய்யச் சொல்கின்றன என்பது தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. மூலம் நகராதபடி சிமெண்டால் அடைக்க வேண்டும். பிற்காலத்தில் யாரும் தெரியாமல் துளைத்து அதை எட்டிவிடாதபடி தடுப்பு வைக்க வேண்டும். கிணற்றின் தலையில் துருப்பிடிக்காத எஃகு, பித்தளை போன்ற நீடித்த உலோகத்தில் ஒரு பட்டயம் பொருத்த வேண்டும். குறைந்தது 7 அங்குலச் சதுரம், 3 மில்லிமீட்டர் தடிமன். அதில் கதிரியக்கச் சின்னம், கைவிட்ட தேதி, கிணற்றின் பெயர், என்ன பொருள், எவ்வளவு, எந்த ஆழத்தில் இருக்கிறது என்பதோடு, இந்தக் கிணற்றில் மறுபடி இறங்காதீர்கள் என்பது போன்ற எச்சரிக்கையும் பொறிக்கப்பட வேண்டும். சீசியம்-137 பாதியாகக் குறைய 30 ஆண்டுகள் ஆகும். அமெரிசியம்-241 பாதியாக 432 ஆண்டுகள்.